குரல் கேட்டால்தான் நம்பர்

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் வைத்த பெயர் பூட்டு. பூட்டு விற்கிறவர் இல்லை, போன் ரிப்பேர் பார்க்கிறவர். எங்கள் கடை எட்டடி அகலம். இடது பக்கம் அவருடைய மேசை. அதில் வளைந்த கழுத்துள்ள விளக்கு, பூதக்கண்ணாடி, சூடான காற்று ஊதும் கருவி, கழற்றிய திருகாணிகள் உருண்டு ஓடாமல் இருக்க ஒரு காந்தத் தட்டு. வலது பக்கம் என்னுடைய ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டும் கத்தி. நடுவில் ஒரு ஸ்டூல். அதில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் முழங்கால் எங்கள் இரண்டு பேருக்கும் இடைஞ்சல்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் உடைந்த கண்ணாடியை மாற்றிக்கொண்டு மட்டும் போய்விட முடியாது. "உங்க மெயிலுக்கு ஒரு பூட்டா, ரெண்டு பூட்டா?" என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் முழிப்பார். இவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு விளக்குவார்.

"பாஸ்வேர்டு ஒரு பூட்டு. அதை யாராவது எட்டிப் பாத்திருப்பாங்க, இல்ல நீங்களே யார்கிட்டயாவது உளறியிருப்பீங்க. ரெண்டாவது பூட்டு போட்டுட்டா, பாஸ்வேர்டுக்கு அப்புறம் போனுக்கு ஆறு இலக்கத்துல ஒரு நம்பர் வரும். அதையும் போட்டாதான் கதவு திறக்கும். திருடன் பாஸ்வேர்டை வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

"கண்ணாடி மாத்த வந்தவனை உக்கார வெச்சு விசாரணை பண்றாரேம்மா உங்க வீட்டுக்காரர்" என்று ஒரு வேன் டிரைவர் என்னிடம் முறையிட்டார். முறையிட்டவரும் இரண்டாவது பூட்டு போட்டுக்கொண்டுதான் எழுந்தார். என் வீட்டுக்காரர் அப்படி. குரலை உயர்த்த மாட்டார், ஆனால் விடவும் மாட்டார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ரிப்பேருக்கு வருகிற போன் செத்துக் கிடக்கும். நம்பர் அந்தச் செத்த போனுக்குத்தான் போகும். தையல்கார அக்கா ஒருத்தி தன் போனை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள். வாடிக்கையாளர்களின் அளவு, மாடல் படம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் இருந்தன. சிம் கார்டும் வீணாகி, புதுசு கைக்கு வரும்வரை பதினோரு நாள் உள்ளே போக முடியாமல் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுததை இவரால் தாங்க முடியவில்லை. அடுத்த முறை அவளுக்குப் பூட்டு போட்டபோது, மாற்று எண் என்று கேட்கிற இடத்தில் தன் போன் நம்பரையே போட்டுக் கொடுத்துவிட்டார். "உங்க போன் போச்சுன்னா எனக்கு வரும். என்னைக் கூப்பிடுங்க, சொல்றேன்."

அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நீள நோட்டில் பெயரும் தேதியும் எழுதிக்கொண்டார். ஐந்து வருஷத்தில் அறுபத்து மூன்று பேர். அந்த வழியாகப் போகிற பாதிப் பேருடைய சாவி என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருந்தது. "அண்ணே, நம்பர் வந்துச்சா?" என்று போன் வராத நாளே இல்லை.

அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். கணக்கு யாருடையதோ அவர் குரலைக் கேட்டால்தான் நம்பர் சொல்வார். ஒரு முறை என் தம்பி, தன் மனைவிக்காகக் கேட்டான். "தங்கச்சிகிட்ட போனைக் குடு" என்றார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். "குளிச்சிட்டு வரட்டும்" என்று காத்திருந்தார். என் தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நான் சண்டை பிடித்தேன். "சொந்த மச்சான் மேலகூட நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

"மச்சான் மேல நம்பிக்கை இருக்கு. ஆனா பூட்டு தங்கச்சியோடது."

"ஆமா, பெரிய கஜானா. ஊர்ல இல்லாத மனுஷன்!"

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த விதி எனக்கு அசட்டுத்தனமாகவே பட்டது. தெரிந்த முகத்துக்கு முன்னால் சட்டம் பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஆள் நான். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

தெருக்கோடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் உண்டு. அங்கே வேலை பார்க்கிற பெண் ஒரு நாள் மத்தியானம் வெள்ளைக் கோட்டோடு வந்தாள். கையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் மணத்தன. ரிப்பேருக்கு எதுவும் கொண்டுவரவில்லை.

"அண்ணா, என் மெயிலுக்கு ரெண்டாவது பூட்டு வேணும். ஆனா நம்பர் என் போனுக்கு வரக் கூடாது."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் வாயால் கேட்கவில்லையே தவிர, முகத்தால் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வீட்ல என் போன் ஹால்லதான் கிடக்கும் அக்கா. அப்பா எடுத்துப் பாப்பாரு. தப்பா ஒண்ணும் இல்ல, அவருக்கு அது பழக்கம்."

அவளுக்கு மட்டும் மாற்று எண்ணாக இல்லாமல், ஒரே எண்ணாகத் தன் நம்பரைப் போட்டார். முடித்துவிட்டு எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"யார் கேட்டாலும்..."

"உன் குரல் கேட்டாதான்மா" என்றார்.

வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை லேபிலிருந்து கூப்பிடுவாள். இவர் இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துச் சொல்வார். ஒரு நாள் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறதாம். வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பும் படிக்கலாமாம். சம்மதக் கடிதம் போட்டாகிவிட்டதாம். சேரும் நாளை அவர்கள் மெயிலில் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. "அப்பாகிட்ட இன்னும் சொல்லலண்ணா. டிக்கெட் எடுத்துட்டுச் சொல்லணும். முன்னாடியே சொன்னா விட மாட்டார்."

அவளுடைய அப்பா கணக்கு வாத்தியார். எங்கள் மகளுக்குப் பின்னம் புரிய வைத்தவர். மனைவி போனபின் மகளே உலகம். தெருவில் போகிற நாயைக்கூட அதட்டாத மனிதர். அவரைக் கெட்டவர் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, மெயிலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்தது அவர். அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. என் வீட்டுக்காரர் உதிரி பாகம் வாங்கக் கிளம்பினார். ஊருக்கெல்லாம் சார்ஜர் துளை சரிபண்ணிக் கொடுக்கிறவர், தன் போனை ரப்பர் பேண்டு போட்டு ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால்தான் சார்ஜ் ஏறும் என்கிற நிலையில் வைத்திருந்தார். அன்றைக்குச் சார்ஜ் சுத்தமாக இல்லை. கடையிலேயே சார்ஜில் போட்டு வைத்துவிட்டுப் போனார்.

"யாராவது கூப்பிட்டா நான் வந்து பேசறேன்னு சொல்லு. நம்பர் மட்டும் சொல்லிடாத."

"சரி, சரி. போய்ட்டு வாங்க."

பத்து நிமிஷத்தில் கடையில் கூட்டம். கல்லூரி விண்ணப்பம் நகலெடுக்கப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது. நான் மூடியைத் திறந்து, சூட்டில் விரல் படாமல் காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். கையில் அவருடைய போன்.

"தங்கச்சி, தம்பி இல்லையா? என் பொண்ணுக்குக் காய்ச்சல்மா. எழுந்திருக்க முடியல. ஆஸ்பத்திரிக்கு ஏதோ சர்டிபிகேட் இன்னைக்கே அனுப்பணுமாம், என்னை அனுப்பச் சொன்னா. நம்பர் இங்க வரும்னா."

ரப்பர் பேண்டு போட்ட போன் அதிர்ந்தது. ஆறு இலக்கம். அதற்குக் கீழே, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒரு வரி. அந்த வரியையும் படித்தேன். படித்துவிட்டு நம்பரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளத் தடுமாறினார் என்று இரண்டாம் தடவையும் சொன்னேன்.

"பொண்ணை நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க சார்" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

பாஸ்வேர்டு அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் வீட்டு ஹாலில் ஒரே கணினி. அவளுக்காக அது நினைவில் வைத்திருந்ததை அவருக்கும் காட்டிக்கொடுத்திருக்கிறது. நம்பர் போகிற போனின் கடைசி இலக்கங்களும் திரையில் தெரியும்; எங்கள் கடை நம்பர் அவருக்கு மனப்பாடம். என் வீட்டுக்காரர் சொன்ன மாதிரி வாசலில் நின்றது அவர். கதவைத் திறந்துவிட்டது நான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த காகிதம் சிக்கியதில் எல்லாம் மறந்து போய்விட்டது. இவர் திரும்பி வந்ததும் சொல்லக்கூட இல்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். காய்ச்சல் வந்து எழுந்தவள் மாதிரி இல்லை, அழுது முடித்தவள் மாதிரி இருந்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை.

"அண்ணா, என் மெயில்லேர்ந்து வேலை வேண்டாம்னு ஆஸ்பத்திரிக்கு லெட்டர் போயிருக்கு. வியாழக்கிழமை. நான் அனுப்பல. வெள்ளிக்கிழமையே வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. எவ்வளவோ கெஞ்சிப் பாத்துட்டேன்."

என் வீட்டுக்காரர் போனை எடுத்துப் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனார். வியாழன், பதினொன்று நாற்பது. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது அவருக்குத் தெரியும். போன் யார் கையில் இருந்தது என்பதும் தெரியும். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி பாதியில் நின்றது.

"நான்தான்மா சொன்னேன்" என்றார் அவளிடம். "வாத்தியார் வந்து கேட்டாரு. தெரிஞ்ச மனுஷனாச்சேன்னு சொல்லிட்டேன். என் தப்பு."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இல்லைம்மா, நான்தான், என்று இரண்டு வார்த்தை. ஊரையே பேசி விற்கிற வாய் எனக்கு. அது திறக்கவில்லை.

"என் குரல் கேட்டாதான்னு சொன்னீங்களே அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று கடை சாத்தும்போது அவரிடம் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"போன் என்னுது. வெச்சுட்டுப் போனது நானு. வாக்குக் குடுத்ததும் நானு. இதுல உன்னை எங்க கொண்டுபோய் நிறுத்தறது?" ஷட்டரை இழுத்துவிட்டுப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான். திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அந்தச் சத்தத்தில் உண்மை எங்காவது தெறித்து வெளியே வந்திருக்கும். நல்ல மனிதர்களோடு குடித்தனம் நடத்துவதில் இந்தக் கஷ்டம் இருக்கிறது.

அடுத்த ஆறு மாதம் அவர் வேலையே வேறாகிவிட்டது. நீள நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் வரவழைத்தார். தன் நம்பரை நீக்கினார். போன் தொலைந்தால் பயன்படுத்த, கணக்கே கொடுக்கிற பத்து அவசர எண்களை அச்செடுத்துக் கையில் கொடுத்தார். "இதைப் பத்திரமா வெச்சுக்குங்க. என்னை நம்பாதீங்க." நான்தான் லேமினேட் செய்தேன். வேன் டிரைவர் அதை வண்டிக் கண்ணாடியில் ஊரே பார்க்க ஒட்டியிருந்தார். தையல்கார அக்கா போனின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். வேறு சமயமாக இருந்தால் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். தலையில் கைவைத்துக்கொண்டு, பொறுமையாக உரித்தெடுத்துக் கொடுத்தார். நோட்டில் ஒவ்வொரு பெயராகக் கோடு விழுந்தது. "அண்ணே, நம்பர் வந்துச்சா?" என்று கேட்பது நின்றது. அந்தத் தொல்லை ஒழிந்தால் போதும் என்று எத்தனை நாள் முணுமுணுத்திருக்கிறேன். ஒழிந்தபின் கடை வெறிச்சென்று இருந்தது.

கடைசியாக லேப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பினார். அவள் வந்தாள். இவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "உன் நம்பரைப் போட்டுத் தந்துடறேன்மா" என்றார்.

"இருக்கட்டும் அண்ணா. உங்க நம்பரே இருக்கட்டும்."

அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏமாந்த இடத்திலேயே சாவியை விட்டுவைக்கிற பெண்ணும் உண்டா? மன்னித்துவிட்டாள் போல, நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு வருஷம் கழித்து சர்க்கரை பார்க்க அந்த லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்க வந்தது அவள்தான். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடித் தட்டினாள். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று எனக்கே தெரிந்தது. ஊசி ஏறியது. அவள் நிதானமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாம்மா" என்றேன்.

"முடிஞ்சுது அக்கா." பஞ்சை வைத்து என் கையை மடக்கிவிட்டாள். "அண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

வெளியே வந்து படியில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டி என்ன பயன்? திரும்பி உள்ளே போக ஆறு படிதான். நான் ஏறவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் வேறோர் ஊரில் சின்ன லேப் ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அதே வேலைதான், ரத்தம் எடுப்பதும் சீட்டு எழுதுவதும். மேல்படிப்பு என்ற பேச்சு இல்லை. வாத்தியார் எங்கள் கடைக்கு முன்னால் வரும்போது எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். ஜெராக்ஸ் எடுக்க மூன்று தெரு தாண்டிப் போகிறார் என்று கேள்வி.

போன மாதம் என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. இத்தனை வருஷம் விளக்கு வெளிச்சத்தில் கடுகளவு பாகங்களைப் பார்த்த கண். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் பனிமூட்டம். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். போன் என்னிடம் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அது அதிர்ந்தது. ஆறு இலக்கம். நோட்டில் கோடு விழாத பெயர் ஒன்றுதான் உண்டு. கூடவே அழைப்பும் வந்தது.

"அக்காவா? அண்ணன் இல்லையா?"

"கண் ஆபரேஷன்மா. தூங்கறாரு. நம்பர் வந்திருக்கு, சொல்லட்டுமா?"

மெல்லிய குரலில் சொன்னாள். "வேண்டாம் அக்கா. அவர் எழுந்திரிக்கட்டும். நான் அப்புறம் கேட்டுக்கறேன்."

அப்போதுதான் என் வாய் திறந்தது. நாலு வருஷம் தாமதமாக.

"அன்னைக்குச் சொன்னது அவர் இல்லம்மா. நான்தான்."

"தெரியும் அக்கா."

"தெரியுமா?"

"லெட்டர் போனது தெரிஞ்சு கேட்டப்பவே அப்பா சொல்லிட்டாரு. கடையில அந்தம்மாதான் நம்பர் குடுத்தாங்கன்னு. தெரிஞ்சுதான் நான் கடைக்கு வந்தேன். அண்ணன் தன் மேல போட்டுக்கிட்டாரு. அவர் முகத்துக்கு நேரா அது பொய்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதனாலதான் அவர் நம்பரை எடுக்கவும் இல்ல. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் அக்கா. ரத்தம் எடுத்தப்பகூடப் பாத்தேன்."

அவள் போனை வைத்தபின் திரையில் அந்த ஆறு இலக்கம் கொஞ்ச நேரம் நின்று, வெளிச்சம் மங்கி மறைந்தது.

மூன்றரை மணிக்கு அவர் எழுந்தார். "யாராவது கூப்பிட்டாங்களா?"

சொன்னேன். எழுந்து உட்கார்ந்து, என்னை அவள் எண்ணுக்குப் போடச் சொல்லி, போனைத் தன் காதில் வைத்துக்கொண்டார். "சொல்லும்மா. ஆங், உன் குரல்தான். இப்ப அனுப்பச் சொல்லு." அடுத்த நொடி புது நம்பர் வந்தது. ஸ்பீக்கரைப் போட்டுத் திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். தெரியவில்லை. என் பக்கம் நீட்டினார்.

நான் அவர் காதருகே குனிந்து ஒவ்வோர் இலக்கமாக, அவளுக்குக் கேட்காதபடி சொன்னேன். அவர் அதை இரண்டிரண்டாகப் பிரித்து அவளுக்குச் சொன்னார். அவரிடமிருந்து அவள் வாங்கிக்கொண்டாள்.